மாடிக் குழாயில் தண்ணீர் வேகம் இல்லையா? பிரஷர் பம்ப் வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

ஷவரில் தண்ணீர் நூல் மாதிரி விழுகிறது என்பதற்காக ஒரு 1 எச்.பி. பிரஷர் பம்ப் வாங்கினோம். எங்கள் வீடு வடசென்னையில், தண்டையார்பேட்டையில். கீழே ஒரு குடித்தனம், முதல் மாடியில் ஒரு குடித்தனம், இரண்டாவது மாடியில் நாங்கள். மொட்டைமாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க். கடையில், "பெரிசாவே போட்டுடுங்க, அப்புறம் பத்தலைன்னு வருவீங்க" என்றார்கள். மாட்டிய மூன்றாம் நாள் இரவு, சமையலறை சிங்க்குக்குக் கீழே இருந்த கனெக்‌ஷன் பைப் பிய்த்துக்கொண்டது. தண்ணீர் ஓடுகிறதே என்று பம்பும் விடாமல் ஓடியிருக்கிறது. விடியற்காலையில் முதல் மாடி வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டினார். அவர்கள் வீட்டு சீலிங் முழுக்க ஈரம்.

வந்து பார்த்த பிளம்பர் பம்பைத் தொடவே இல்லை. மொட்டைமாடியிலிருந்து இறங்கும் பழைய ஜிஐ (துத்தநாகப் பூச்சு போட்ட இரும்பு) பைப்பில் ஒரு எல்போவை, அதாவது பைப் திரும்பும் வளைவுத் துண்டை, அறுத்து எடுத்து என் கையில் கொடுத்தார். வெளியே அரை இஞ்ச் பைப். உள்ளே துருவும் உப்பும் சேர்ந்து மேடு மேடாகக் கட்டி, நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. "அக்கா, இதுல எந்த மோட்டார் போட்டாலும் இவ்ளோதான் வரும். மோட்டார் தள்ளுற தள்ளுக்கு வீக்கா இருக்கிற இடம் பிச்சுக்கும்" என்றார். பைப்பை மாற்றிய பிறகு அரை எச்.பி. பம்பே எங்களுக்குத் தாராளமாகப் போதுமாக இருந்தது.

அதனால் இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பம்ப் எதை வாங்கலாம் என்பதை அல்ல. தண்ணீர் ஏன் மெதுவாக வருகிறது என்று கண்டுபிடியுங்கள். அதற்கு ஒரு பக்கெட்டும் செல்போனில் இருக்கிற ஸ்டாப்வாட்சும் போதும்.

எந்தக் குழாயைப் பற்றிப் பேசுகிறோம்?

நம் பக்கத்து வீடுகளில் தண்ணீர் மூன்று கட்டமாக வருகிறது. தெருவில் போகும் மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) லைனிலிருந்து சம்ப்புக்கு (தரைக்கடித் தொட்டிக்கு) அல்லது அடி பம்புக்கு. சம்ப்பிலிருந்தோ போரிலிருந்தோ மோட்டார் வழியாக மொட்டைமாடி டேங்க்குக்கு. டேங்க்கிலிருந்து இறங்கி வீட்டுக் குழாய்களுக்கு. பிரஷர் பம்ப் என்பது இந்த மூன்றாவது கட்டத்துக்கு மட்டும்தான்.

முதல் கட்டத்தில், அதாவது தெரு லைனில் நேராக மோட்டாரை மாட்டி இழுப்பது சட்டப்படி தடை. பிடிபட்டால் மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள், இணைப்பையும் துண்டிப்பார்கள். ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, ராயபுரம் போன்ற பழைய பகுதிகளில் குடிநீர் லைனும் கழிவுநீர் லைனும் பல தெருக்களில் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன. மோட்டார் இழுக்கும்போது லைனுக்குள் வெற்றிடம் உண்டாகிறது. எங்காவது ஜாயிண்ட் விட்டிருந்தால் சுற்றியிருக்கிற சாக்கடைத் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். ஒரு வீட்டில் மோட்டார் போட்டால் தெருக் கடைசி வீட்டில் அடி பம்பை எவ்வளவு அடித்தாலும் காற்றுதான் வரும், அல்லது நாற்றம் அடிக்கிற தண்ணீர் வரும். அந்தக் கடைசி வீட்டில் குழந்தை இருக்கும், வயதானவர்கள் இருப்பார்கள். தெரு லைனிலேயே வேகம் இல்லை என்றால் மெட்ரோ வாட்டரின் 1916-க்கு போன் செய்து புகார் பதியுங்கள். லைன் தரைக்குக் கீழே இருக்கிற ஒரு சம்ப்பில் தானாக விழும்படி செய்துகொள்ளுங்கள். அங்கிருந்து இழுத்துக்கொள்ளலாம்.

இனி டேங்க்கிலிருந்து கீழே வருவதைப் பார்க்கலாம்.

முதலில் அளந்து பாருங்கள்

பத்து லிட்டர் பக்கெட்டை வைத்துக் குழாயை முழுதாகத் திறந்து, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்குப் பத்து லிட்டர். சாதாரணக் குழாய்க்கு நிமிடத்துக்கு ஆறிலிருந்து எட்டு லிட்டர் வந்தாலே வேலை நடக்கும். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் எங்கோ கோளாறு. எங்கள் பாத்ரூம் குழாயில் அன்று மூன்று நிமிடம் ஆனது.

ஒரே குழாயோடு நிறுத்தாதீர்கள். வீட்டில் இருக்கும் எல்லாக் குழாயிலும் இதைச் செய்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கீழ் வீட்டிலும் கேட்டு ஒரு குழாயில் பாருங்கள். ஒரு குழாய் மட்டும் மெதுவாக இருந்தால் கோளாறு அந்தக் குழாயிலேயே இருக்கிறது. பாத்ரூம் முழுக்க மெதுவாக, சமையலறையில் நன்றாக இருந்தால் பாத்ரூமுக்குப் பிரியும் பைப்பிலோ அதன் வால்விலோ கோளாறு. வீடு முழுக்க மெதுவாக இருந்தால் டேங்க் வாயிலிருந்து இறங்கும் மெயின் பைப்பைச் சந்தேகப்படுங்கள். மேல் மாடியில் மட்டும் மெதுவாக, கீழ்த்தளத்தில் அடித்துக்கொண்டு வந்தால் டேங்க்கின் உயரம்தான் பற்றவில்லை. பிரஷர் பம்புக்கு உண்மையான தேவை பெரும்பாலும் இந்தக் கடைசி வகையில்தான்.

இன்னொரு சோதனை. ஒரே ஒரு குழாயைத் திறந்து அளங்கள். அப்புறம் பக்கத்தில் இன்னொன்றையும் திறந்து முதல் குழாயை மறுபடி அளங்கள். ஒன்று தனியாக நன்றாக வந்து, இரண்டு திறந்தால் பாதியாகக் குறைந்தால், பைப் சிறியது அல்லது உள்ளே அடைத்திருக்கிறது. ஒன்று திறந்தாலும் இரண்டு திறந்தாலும் கிட்டத்தட்ட அதே மந்தம்தான் என்றால் உயரம் பற்றவில்லை, அல்லது ஒவ்வொரு குழாயும் தனித்தனியாக அடைத்திருக்கிறது.

உயரக் கணக்கு ரொம்ப எளிது. பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் ஒரு கிலோ பிரஷர் கொடுக்கும். பிளம்பர்கள் சொல்லும் 'கிலோ' என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. எங்கள் டேங்க்கின் அடிப்பாகம் மொட்டைமாடித் தளத்திலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எங்கள் அறை உயரம் 3 மீட்டர், ஷவர் தரையிலிருந்து 2.1 மீட்டரில். ஆக, டேங்க் அடிக்கும் ஷவருக்கும் நடுவில் இருப்பது சுமார் 2.1 மீட்டர்தான். அதாவது 0.2 கிலோ. முதல் மாடியில் அதுவே 0.5 கிலோ ஆகிறது, கீழ்த்தளத்தில் 0.8 கிலோ. ஒரே டேங்க், ஒரே பைப். ஆனால் கீழ் வீட்டில் நான்கு மடங்கு பிரஷர். பெரிய மழை ஷவருக்கு ஒரு கிலோவாவது வேண்டும். வாஷிங் மெஷின்கள் பலவற்றுக்கு அரை கிலோ தேவை. அது இல்லாவிட்டால் தண்ணீர் வரவில்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். மேல் மாடிக்காரர்கள் மெஷினில்தான் கோளாறு என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிடுவது இதனால்தான்.

செலவில்லாமல் சரியாகிற விஷயங்கள்

பம்ப் கடைக்குப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கு ஒதுக்குங்கள்.

குழாய் முனையில் ஒரு சல்லடை இருக்கும். துணியைச் சுற்றிப் பிடித்துத் திருகினால் கழன்று வரும். போர் தண்ணீர் ஓடும் வீடுகளில் அது வெள்ளை உப்பால் பாதி அடைந்திருக்கும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடலோரத்தில் உப்புத் தண்ணீர் ஏறியிருக்கும் போர்களில் ஆறே மாதத்தில் முழுதாக அடைந்துபோகும். கழற்றி வினிகரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பழைய டூத்பிரஷால் தேய்த்தால் போய்விடும். ஷவர் தலைக்கும் இதே வைத்தியம். கழற்ற முடியாத ஷவர் என்றால் ஒரு பிளாஸ்டிக் கவரில் வினிகர் ஊற்றி, ஷவரை அதற்குள் முக்கி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுங்கள்.

அப்புறம் ஆங்கிள் காக். வாஷ்பேசினுக்குக் கீழே, கீஸருக்குப் பக்கத்தில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருப்பவை. யாராவது எப்போதோ ரிப்பேருக்காக மூடிவிட்டு அரைகுறையாகத் திறந்திருப்பார்கள். முழுதாகத் திறந்து பாருங்கள். மொட்டைமாடியில் டேங்க் அவுட்லெட்டில் பழைய பித்தளை கேட் வால்வு இருந்தால் அதை நம்பவே நம்பாதீர்கள். கைப்பிடி சுற்றும், ஆனால் உள்ளே இருக்கும் கதவு கழன்று பாதியில் நின்றிருக்கும். எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் இதுவேதான் கோளாறு. அதை எடுத்துவிட்டு பால் வால்வு (உள்ளே துளையுள்ள உருண்டை சுழன்று திறக்கும் வால்வு) போட்டதும் பம்பே தேவைப்படவில்லை.

டேங்க்கைக் கடைசியாகக் கழுவியது எப்போது? அவுட்லெட் வாயில் பாசியும் சேறும் சேர்ந்திருக்கும். சில சமயம் டேங்க் மூடியின் உடைந்த துண்டே உட்கார்ந்திருக்கும். ஏணி போட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்.

டேங்க் ஒரு தடவை முழுக்க வற்றி மறுபடி நிரம்பிய பிறகுதான் மெதுவாக வருகிறது என்றால், பைப்பில் காற்று அடைத்திருக்கிறது. டேங்க்கை விட்டு வெளியே வந்ததும் பைப்பில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, டேங்க் உயரத்துக்கு மேல் போகும்படி ஒரு காற்றுப் பைப்பை நிறுத்தியிருக்க வேண்டும். பல வீடுகளில் அது இருக்காது. இருந்தாலும் குருவி கூடு கட்டியிருக்கும், அல்லது குப்பை விழக் கூடாது என்று நல்லெண்ணத்தோடு யாரோ மூடி போட்டு அடைத்திருப்பார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வீடு முழுக்க மந்தமாகவே இருந்து, பைப் பழைய ஜிஐ என்றால், எங்கள் பிளம்பர் செய்தது போல ஒரு எல்போவைக் கழற்றிப் பாருங்கள். ஒரே அளவு தண்ணீரை அனுப்ப, பைப்பின் உள் விட்டம் பாதியாகக் குறைந்தால் உரசலில் போகும் பிரஷர் சுமார் 32 மடங்கு ஆகிறது. பம்பால் இதை ஜெயிக்க முடியாது. மொட்டைமாடியிலிருந்து மெயின் இறக்கத்தை 1 இஞ்ச் அல்லது 1¼ இஞ்ச் சிபிவிசி அல்லது யுபிவிசி பிளாஸ்டிக் பைப்பில் போட்டு, குழாய் அருகில் வரும்போது மட்டும் முக்கால், அரை என்று குறைப்பதுதான் சரி. எங்கள் வீட்டில் பைப்பை மாற்றியதும் பக்கெட் நேரம் மூன்று நிமிடத்திலிருந்து ஒன்றேகால் நிமிடத்துக்கு இறங்கியது. பம்ப் இல்லாமலே.

டேங்க்கை உயர்த்தி வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு மீட்டர் உயர்த்தினால் கிடைப்பது 0.1 கிலோதான். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்தில் இன்னும் தேக்கு உத்திரமும் சுண்ணாம்பும் செங்கலும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இருக்கின்றன. அந்தத் தளத்தின் நடுவில் இரும்பு ஸ்டாண்ட் போட்டு டேங்க் ஏற்றுவது ஆபத்து. அங்கே பாரம் சுவரின் மேல் இறங்க வேண்டும். ஒரு இன்ஜினியரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

பம்ப்தான் வேண்டும் என்று முடிவானால்

கடையில் முதலில் எச்.பி. எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். நீங்கள் சொல்ல வேண்டியது இரண்டு எண்கள்: எத்தனை மீட்டர் ஹெட் (பம்ப் தண்ணீரைத் தள்ளும் உயரம்), நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்.

லிட்டர் கணக்குக்கு, ஒரே சமயத்தில் எத்தனை குழாய் திறந்திருக்கும் என்று எண்ணுங்கள். ஷவருக்குப் பத்து லிட்டர், குழாய்க்கு எட்டு லிட்டர். எங்கள் வீட்டில் ஒரு ஷவரும் ஒரு குழாயும், ஆக சுமார் 20 லிட்டர். ஹெட் கணக்குக்கு, ஷவரில் வேண்டியது ஒரு கிலோ, அதாவது 10 மீட்டர். பைப்பில் உரசலுக்கு 3 மீட்டர் சேர்த்தால் 13. டேங்க் உயரத்தால் ஏற்கெனவே 2 மீட்டர் கிடைக்கிறது. மீதி 11 மீட்டரைப் பம்ப் கொடுத்தால் போதும். ஆக, நிமிடத்துக்கு 20 லிட்டர் ஓடும்போது 11 மீட்டர் தரும் பம்ப்.

'ஓடும்போது' என்பதைக் கவனியுங்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 'அதிகபட்ச ஹெட்' என்பது ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே போகாத நிலையில் உள்ள அளவு. 'அதிகபட்ச லிட்டர்' என்பது எந்த உயரமும் தள்ளாத நிலையில் உள்ள அளவு. இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. பெட்டியிலோ புத்தகத்திலோ ஒரு அட்டவணை அல்லது வளைகோடு இருக்கும். அதில் உங்கள் லிட்டருக்கு நேராக எத்தனை மீட்டர் என்று பாருங்கள். அதைக் காட்டாத கடையில் வாங்க வேண்டாம். கோயம்புத்தூர் கம்பெனிகளின் பம்புகளுக்கு இந்த அட்டவணையும் கிடைக்கும், உதிரி பாகமும் பாரிமுனையில் அலையாமல் கிடைக்கும்.

இப்படிப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாலும் கால் எச்.பி.யிலிருந்து அரை எச்.பி. போதும். மூன்று குடித்தனத்துக்கும் சேர்த்துப் போடுவதானால் முக்கால் எச்.பி. போதும். 1 எச்.பி. பம்ப் மூடிய குழாயில் மூன்று, நான்கு கிலோ ஏற்றும். பழைய ஜாயிண்ட், பிளாஸ்டிக் கனெக்‌ஷன் பைப், ஃபிளஷ் டேங்க் வால்வு எல்லாவற்றிலும் அந்த அழுத்தம் உட்காரும். எங்கள் வீட்டில் அன்று நடந்தது அதுதான்.

பம்பைத் தானாக ஓட வைத்து நிறுத்துவது எது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன.

சின்ன இன்லைன் பம்பில் ஃபுளோ ஸ்விட்ச் இருக்கும். தண்ணீர் ஓடத் தொடங்கினால் உள்ளே ஒரு காந்தம் நகர்ந்து பம்பை ஓட்டும். விலை குறைவு, சத்தமும் குறைவு. ஆனால் பம்ப் ஓடும் முன்பே நிமிடத்துக்கு ஒன்றரை, இரண்டு லிட்டராவது தானாக ஓட வேண்டும். குழாயைத் திறந்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும் என்ற வீட்டில் இது ஸ்டார்ட் ஆகாது. இந்த வகையில் சிலவற்றில் மோட்டாரின் சுழலும் பாகமே தண்ணீருக்குள் இருக்கும். மெட்ரோ வாட்டர் மட்டும் ஓடும் வீட்டுக்கு அது அருமையானது. உப்பு அதிகமான போர் தண்ணீருக்கு நான் சொல்ல மாட்டேன், உப்புப் படிந்து சிக்கிக்கொள்கிறது.

அடுத்தது பிரஷர் ஸ்விட்ச்சும் சின்ன பிரஷர் டேங்க்கும் சேர்ந்தது. பிரஷர் டேங்க்குக்குள் ஒரு ரப்பர் பையும் அதைச் சுற்றிக் காற்றும் இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் பிடிப்பதற்கெல்லாம் பம்ப் ஓடாது; டேங்க்கில் இருக்கும் தண்ணீரே வரும். நிறையப் பேர் இருக்கும் வீட்டுக்கு, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் எடுக்கும் வீட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ரிப்பேரும் எளிது.

மூன்றாவது எலக்ட்ரானிக் கன்ட்ரோலர். பிரஷர் இறங்கினால் ஓடும், ஓட்டம் நின்றால் நிற்கும். டேங்க் வற்றினால் தானாக நிறுத்திவிடும் வசதி இதில் இருக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும் தெருவில் அந்த ஒரு வசதிக்காகவே இதை வாங்கலாம். ஆனால் வீட்டில் ஒரு குழாய் சொட்டினாலும் இது அடிக்கடி ஓடி ஓடி நிற்கும். மோட்டார் வேகத்தையே தேவைக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டர் பம்பும் இருக்கிறது. சத்தமே தெரியாது, விலை அதிகம். உள்ளே இருக்கும் போர்டு போனால் செலவும் அதிகம்.

வெந்நீர் விஷயத்தில் கவனம் வேண்டும். டேங்க் வகை கீஸர்கள் நல்ல பிரஷர் தாங்கும்; அதன் பிளேட்டில் எத்தனை பார் என்று எழுதியிருக்கும், ஒரு பார் ஏறக்குறைய ஒரு கிலோ. கீஸரின் சேஃப்டி வால்வில் எப்போதாவது சொட்டினால் அதை அடைத்துவிடாதீர்கள். அது சொட்டத்தான் இருக்கிறது. மொட்டைமாடியில் கண்ணாடிக் குழல் வைத்த சோலார் ஹீட்டர் இருந்து, அது காற்றுப் பைப் உள்ள பிரஷர் இல்லாத வகை என்றால், பம்ப் தண்ணீரை அதற்குள் விடவே கூடாது. தொட்டி உப்பிக் கெட்டுப்போகும். அதே போல பச்சைத் தண்ணீர் லைனில் மட்டும் பம்ப் போட்டால், மிக்ஸர் குழாயில் பச்சைத் தண்ணீர் வெந்நீர் பக்கம் ஏறிக்கொள்ளும். ஷவரில் சூடே வராது. இரண்டுக்கும் ஒரே பிரஷர் போகிற மாதிரி, பிரிவதற்கு முன்னாலேயே பம்பை வைக்க வேண்டும்.

கரண்ட் செலவைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். அரை எச்.பி. பம்ப் ஒரு மணி நேரம் ஓடினால் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். தினம் ஒரு மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாத பில்லில் முப்பது யூனிட் சொச்சம்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

பம்ப் டேங்க்குக்குப் பக்கத்தில், டேங்க் அவுட்லெட்டை விடத் தாழ்வாக இருக்க வேண்டும். இழுக்கும் பக்கத்துப் பைப் பம்பின் வாயை விடச் சிறிதாக இருக்கக் கூடாது, நீளமாகவும் போகக் கூடாது. பம்பின் உடம்பில் ஒரு அம்புக்குறி இருக்கும். தண்ணீர் போகும் திசை அது. தலைகீழாக மாட்டியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வரிசை இப்படி இருக்கட்டும்: டேங்க்கிலிருந்து பால் வால்வு, பிறகு வடிகட்டி, யூனியன், பம்ப், யூனியன், இன்னொரு பால் வால்வு. யூனியன் என்பது திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு; அது இல்லாவிட்டால் பம்பை எடுக்க ஒவ்வொரு தடவையும் பைப்பை அறுக்க வேண்டும். இதற்குப் பக்கத்தில் பம்பைச் சுற்றிப் போகும் ஒரு பைபாஸ் லைனும், அதில் தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் கேட்டு வாங்குங்கள். கரண்ட் போனால் பழைய மாதிரி உயரத்தில் வரும் தண்ணீராவது வரும். பைபாஸில் நான்-ரிட்டர்ன் வால்வு போடாவிட்டால் பம்ப் தள்ளும் தண்ணீர் சுற்றி டேங்க்குக்கே திரும்பும்.

பம்புக்குக் கீழே தடித்த ரப்பர் வையுங்கள். பைப்போடு சேரும் இடத்தில் வளையும் ஹோஸ் போடுங்கள். இல்லாவிட்டால் அதிர்வு தளம் வழியாக இறங்கி, கீழே படுத்திருப்பவர்கள் தலைக்கு மேல் உறுமும். வெயில் படாமல் ஒரு கூரை வேண்டும். நாலு பக்கமும் மூடிய பெட்டி வேண்டாம், மோட்டார் மூச்சு விடக் காற்று வேண்டும். காசிமேடு, ராயபுரம் பக்கம் கடற்காற்றில் டெர்மினல் சீக்கிரம் துருப் பிடிக்கும்; கனெக்‌ஷன் பெட்டியின் ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள்.

எர்த் இல்லாமல் பம்பை ஓட்டவே கூடாது. மொட்டைமாடி, ஈரத் தரை, இரும்பு உடம்பு. தனி எம்.சி.பி.யும் (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்) 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் விழும் ஸ்விட்ச்) போடச் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தில் பிளம்பரை நம்பாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஓடிக்கொண்டிருந்த பம்ப் மக்கர் செய்தால்

*யாரும் குழாய் திறக்காமலே ஓடி ஓடி நிற்கிறது.* வீடுகளில் அதிகம் வரும் புகார் இதுதான். இரவில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு பம்புக்கு அடுத்த பால் வால்வை மூடுங்கள். அப்போது பம்ப் அமைதியானால் கசிவு வீட்டுக்குள் இருக்கிறது. முதலில் கக்கூஸ் ஃபிளஷ் டேங்க்கைப் பாருங்கள். உள்ளே கொஞ்சம் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். ஃபிளஷ் பண்ணாமலே கோப்பையில் மஞ்சள் இறங்கினால் ஆள் அகப்பட்டுவிட்டான். வால்வை மூடியும் ஓடி ஓடி நின்றால் பம்பின் நான்-ரிட்டர்ன் வால்வு கசிகிறது, அல்லது பிரஷர் டேங்க்கில் காற்று போய்விட்டது.

பிரஷர் டேங்க்கைச் சோதிக்க அதன் மேலே இருக்கும் சின்ன கறுப்பு மூடியைக் கழற்றுங்கள். மோட்டார் சைக்கிள் டியூபில் இருப்பது போல ஒரு வால்வு இருக்கும். நடுவில் இருக்கும் ஊசியை நகத்தால் அழுத்துங்கள். காற்று வந்தால் ரப்பர் பை நன்றாக இருக்கிறது. தண்ணீர் பீய்ச்சினால் பை கிழிந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். எதுவுமே வரவில்லை என்றால் காற்று இறங்கியிருக்கிறது. ஸ்விட்ச்சை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டு, சைக்கிள் பம்பால் காற்று அடியுங்கள். பம்ப் ஓடத் தொடங்கும் பிரஷரை விட இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. குறைவாக இருக்கட்டும், ஒரு கிலோ என்பது சுமார் 14 பி.எஸ்.ஐ. மோட்டார் சைக்கிளுக்குக் காற்று அடிக்கும் கடையில் இருக்கும் கேஜ் போதும்.

*'ம்ம்ம்' என்று உறுமுகிறது, சுற்றவில்லை.* உடனே ஸ்விட்ச்சை அணையுங்கள். ஒரு நிமிடம் விட்டாலும் வைண்டிங் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று) சூடேறிக் கருகும். ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்தவர்கள் வீட்டில் இது நடக்கும். உப்பு காய்ந்து உள்ளே தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் ஒட்டிக்கொண்டிருக்கும். கரண்டைத் துண்டித்துவிட்டு, மோட்டாரின் பின்பக்க ஃபேன் நடுவில் ஷாஃப்ட் முனையில் ஸ்குரூ டிரைவர் உட்காரும் பள்ளம் இருக்கிறதா பாருங்கள். அதில் வைத்து மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினால் விட்டுக்கொடுக்கும். ஷாஃப்ட் தாராளமாகச் சுற்றியும் பம்ப் உறுமுகிறது என்றால் கண்டென்சர் போயிருக்கும். அதன் விலை குறைவுதான், ஆனால் கரண்டை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும். எலக்ட்ரீஷியனே மாற்றட்டும். கோடையில் சாயங்காலம் மட்டும் உறுமினால் வோல்டேஜ் குறைகிறது.

*ஓடுகிறது, தண்ணீர் வேகம் இல்லை.* வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். டேங்க் வற்றி நிரம்பியிருந்தால் பம்பின் மேலே இருக்கும் சின்ன திருகைத் தளர்த்திக் காற்றை விடுங்கள். தண்ணீர் ஒழுங்காக வழிந்ததும் இறுக்குங்கள். பைபாஸ் லைன் வால்வு கசிந்தாலும் இப்படித்தான் இருக்கும். எல்லாம் சரியாக இருந்தால் இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது.

*நிற்கவே மாட்டேன் என்கிறது.* ஃபுளோ ஸ்விட்ச் பம்பில் அந்தக் காந்தம் உப்பில் சிக்கியிருக்கும். கழற்றி வினிகரில் கழுவி மாட்டலாம். பிரஷர் ஸ்விட்ச் பம்பில், நிற்க வேண்டிய பிரஷரைப் பம்பால் எட்டவே முடியாதபடி யாரோ ஸ்விட்ச்சைத் திருகி வைத்திருப்பார்கள்.

*மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவில் சொட்டுகிறது.* சுழலும் ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் போய்விட்டது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் சில நிமிடத்திலேயே இது கருகிவிடும். சீல் மாற்றும் செலவோடு டேங்க்கில் ஒரு ஃபுளோட் ஸ்விட்ச்சும் போட்டுவிடுங்கள்; தண்ணீர் அடிக்கு வந்ததும் பம்ப் நின்றுவிடும். சொட்டுவதை விட்டால் தண்ணீர் மோட்டார் பேரிங்குக்குள் இறங்கும், அப்புறம் கரகரவென்று சத்தம், அப்புறம் வைண்டிங் கடை.

*எம்.சி.பி.யோ ஆர்.சி.சி.பி.யோ விழுந்துகொண்டே இருக்கிறது.* திரும்பத் திரும்பத் தூக்கி விடாதீர்கள். ஆர்.சி.சி.பி. விழுகிறது என்றால் எங்கோ ஈரம் வழியாகக் கரண்ட் கசிகிறது. பம்பைத் தொடாமல் எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்யுங்கள்.

வெள்ளமும் ஊர்ப்பயணமும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர் நின்றது. கீழ்த்தளத்தில் சம்ப் மோட்டாரும் பிரஷர் பம்பும் வைத்திருந்த வீடுகளில் அவை மூழ்கின. மூழ்கிய பம்பைத் தண்ணீர் வடிந்த உடனே ஆன் செய்து பார்க்காதீர்கள். ஷாக் அடிக்கலாம், வைண்டிங்கும் எரியும். கழற்றி வைண்டிங் கடையில் கொடுத்து, பிரித்துக் காயவைத்து, பேரிங் மாற்றி, கரண்ட் கசிவு இல்லை என்று சோதித்த பிறகுதான் மாட்ட வேண்டும். கீழ்த்தளத்தில் வேறு இடமே இல்லை என்றால், அந்த மழையில் உங்கள் சுவரில் தண்ணீர் நின்ற கறை எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்கு ஓரடி மேலே இரும்பு ஆங்கிள் அடித்து பம்பை ஏற்றி வையுங்கள்.

மாதம் ஒரு தடவை வடிகட்டி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிரஷர் டேங்க் காற்று. வருடம் ஒரு தடவை நான்-ரிட்டர்ன் வால்வும் எர்த்தும். நாங்கள் பம்ப் கூரையின் உள்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் தேதி எழுதிவிடுகிறோம். நான்கு நாளுக்கு மேல் வெளியூர் போவதாக இருந்தால் எம்.சி.பி.யை இறக்கி, டேங்க் அவுட்லெட் பால் வால்வையும் மூடிவிட்டு, சாவியை முதல் மாடி அக்காவிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறோம்.